மூன்றாவது குறை

பங்காய், ஹாபாய் தீவுகள்
4 ஜூன் 1984

மதிப்பிற்குரிய அக்கா லவினியாவுக்கு,

கெலெபி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். பதினொரு வருஷத்தில் அது மாறவில்லை. மாறும்படி இந்தத் தீவில் எதுவும் நடக்கவில்லை.

முதலில் நன்றி. தலைநகர் ஆஸ்பத்திரியில் இருக்கும் என் மனைவி சேலாவுக்கு ஞாயிறுதோறும் நீங்கள் சேப்பங்கிழங்கும் மீனும் கொண்டுபோய்க் கொடுப்பதாக அவள் எழுதியிருந்தாள். நுரையீரல் நோய்க்காரி என்று வாசலோடு நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்து பேசினீர்களாம். நான் கேட்டுச் செய்யவில்லை, நீங்களாகச் செய்தீர்கள். ஆனாலும் நன்றி சொல்வது முறை. சொல்லிவிட்டேன்.

இனி விஷயம். குழந்தை அழுகிறது.

பிறந்து ஏழு மாதம் ஆகிறது. சேலா கப்பலேறிப் பத்து வாரம். பகலில் பக்கத்து வீட்டு வைமோவானா பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் சிரிக்கிறது, அவள் வளர்க்கும் பன்றிகளைப் பார்த்துக் கை தட்டுகிறது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தூக்கினாலும் ஒன்றும் சொல்வதில்லை. மாலை ஜெபத்துக்குக் கோயிலில் மரமுரசு தட்டுவார்கள் அல்லவா, அது ஓய்ந்ததும் ஆரம்பிக்கும். பாயில் போட்டால் அழுகை. தூக்கினால் அழுகை. தோளில் போட்டு நடந்தால் என் காதுக்குள் அழுகை. பால் குடித்து முடித்து, வாயைத் துடைத்துவிட்ட பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி அழுகை. வயிற்றில் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன். கொடியில் கிடந்த சேலாவின் பாவாடையை எடுத்துப் போர்த்தினேன். ஒரு நிமிஷம் முகர்ந்துவிட்டு, ஏமாற்றப்பட்டது தெரிந்து, முன்னைவிட உரக்க அழுதது. நாற்பது பையன்களை ஒரு பார்வையில் அடக்குகிறவன் நான். இதனிடம் என் பார்வை செல்லுபடியாகவில்லை. காலையில் வகுப்பில் நின்றுகொண்டே கண் செருகுகிறது.

நேற்று வைமோவானா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "வாத்தியாரே, அதுக்கு வயித்து வலியும் இல்ல, பல்லும் முளைக்கல. அத்தை வைக்காத பேரைச் சுமந்துக்கிட்டுப் படுத்தா யாருக்குத்தான் தூக்கம் வரும்? நீங்க படிச்சவரு. உங்களுக்கு யாரையும் ஒண்ணு கேக்கத் தெரியாது."

பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் மூத்த சகோதரிதான் பெயர் வைக்க வேண்டும் என்பதைப் பன்றி வளர்க்கிறவள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறந்துபோய்ச் செய்யவில்லை. தெரிந்தேதான் நானே வைத்தேன். லோசே. சேலாவின் தாயார் பெயர். ஏன் அப்படிச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கேட்க வந்தது இது. பால் புட்டிக்கு ரப்பர் காம்பு இங்கே எந்தக் கடையிலும் இல்லை. இருக்கிற ஒன்றும் கிழிந்துவிட்டது. அங்கே கிடைத்தால் சில அனுப்பவும். வயிற்று மருந்து ஏதாவது இருந்தால் அதுவும். இதைத் தவிர நான் வேறெதையும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கெலெபி


நுக்குவலோஃபா
16 ஜூன்

தம்பி கெலெபி,

ரப்பர் காம்பு ஆறு, மருந்து ஒரு பாட்டில். கப்பல் சமையல்காரன் கையில் கொடுத்திருக்கிறேன்.

பதினொரு வருஷம் கழித்து ஒரு கடிதம். கை கழுவிவிட்டு வந்து பிரித்தேன். உள்ளே பார்த்தால் ரப்பர் காம்பு.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் சேலாவிடம் படித்துக் காட்டினேன். பாவாடை வரும் இடத்தில் அழுதாள். பன்றி வரும் இடத்தில் சிரித்தாள், சிரித்ததில் இருமினாள், நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள். "ஏம்மா, நோயாளிய பாக்க வந்தியா, நாடகம் போட வந்தியா?" என்று கேட்டாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் சேலா இங்கேதான் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகும் ஆறு மாசம் அவள் பிள்ளையைத் தூக்கக் கூடாதாம். இதை அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

யோசித்துப் பார். நீ பாடம் நடத்துவாயா, பால் கலக்குவாயா? வைமோவானாவுக்குச் சொந்தப் பிள்ளைகளே ஐந்து. கோபத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தோளில் போட்டு நடப்பாய்? நான் வருகிறேன். பிள்ளையை இங்கே கொண்டுவந்து வளர்க்கிறேன்.

நான் கேட்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள். தம்பி பிள்ளையை நான் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அது நம் வழக்கம், நான் உண்டாக்கியதல்ல. நம் அப்பாவின் அக்கா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் வைத்திருந்தபோது அப்பா வாயைத் திறந்தாரா?

பேர் விஷயம். ஏழு மாசமாகக் கோயிலில் என்னைக் கேட்கிறார்கள், "லவினியா, தம்பி பிள்ளைக்கு என்ன பேரு வெச்சே?" என்று. "யோசிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். "என்னடி இது, ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்களே" என்று சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். வேறு என்ன செய்ய?

ஹெய்லாலா சௌக்கியம். என்னைவிட உயரம் வந்துவிட்டாள். படிப்பில் முதல், வாயிலும் முதல். அதை யாரிடமிருந்து வாங்கினாள் என்று நான் சொல்ல வேண்டாம்.

லவினியா


பங்காய்
25 ஜூன்

அக்காவுக்கு,

காம்புகள் ஐந்து வந்தன. ஆறாவது சமையல்காரன் வீட்டில் பால் குடித்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் வர வேண்டாம்.

இந்த மூன்று சொல்லை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சகோதரியிடம் 'மாட்டேன்' என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் கொடுக்கப்படவில்லை. நான் படித்த படிப்பு அதற்கு உதவவில்லை. ஹெய்லாலாவுக்கு அப்போது ஒன்றரை வயது. என் முதல் பிள்ளை. நீங்கள் கூடையோடு வந்து இறங்கினீர்கள். மூத்தவர், புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். ஊரே உங்கள் பக்கம் நின்றது. நான் தலை குனிந்து நின்றேன். சேலா சமையல் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கப்பல் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. உங்களைத் திருடி என்று எழுதினேன். அக்காவை அப்படி எழுதியவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான் இருப்பேன். அந்தச் சொல்லுக்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

போன வருஷம் ஆசிரியர் கூட்டத்துக்கு அங்கே வந்தபோது கப்பல் துறையில் ஹெய்லாலாவைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் இருந்தாள். கை நீட்டினாள். "சார், பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டாள். நல்ல வளர்ப்பு. நாற்பது பேர் என்னைத் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தோராவதாக என் மகள்.

மேலும், இப்போது உங்கள் உதவி தேவையில்லை. அழுகையை நிறுத்த ஒரு வழி கிடைத்துவிட்டது. தற்செயலாகக் கிடைத்தது. எட்டு நாளாக வேலை செய்கிறது. முரசு ஓய்ந்து கால் மணி நேரத்தில் தூங்கிவிடுகிறாள். என்ன வழி என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. என்னிடமிருந்து நீங்கள் எடுத்துப்போக முடியாதது ஒன்றாவது இருக்கட்டும்.

வைமோவானா சுவருக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "வாத்தியாரு இப்பல்லாம் ரொம்ப நேரம் ஜெபம் பண்றாரு" என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். பாதிரியார் வந்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். ஜெபம் இல்லை. ஜெபத்துக்கு நேர் எதிரானது.

சேலா ஆறு மாதம் பிள்ளையைத் தூக்கக் கூடாதென்றால் நான் தூக்குகிறேன். பன்னிரண்டு மாதம் என்றாலும் தூக்குகிறேன். களைப்பாக இருக்கிறது, மறைக்கவில்லை. களைப்பு வேறு, கொடுத்துவிடுவது வேறு.

கெலெபி


நுக்குவலோஃபா
3 ஜூலை

தம்பி,

பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வருகிறேன். வெள்ளிக்கிழமை அதே கப்பலில் திரும்புகிறேன். வீட்டை எனக்கு ஒழித்து வை. அக்காவும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழ் படுக்கும் வழக்கம் நம் குடும்பத்தில் இன்னும் வரவில்லை. சாலைக்கு எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, நீ அங்கே படுத்துக்கொள். பாயும் கூடையும் கொண்டுவருகிறேன். சேலாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீ திருடி என்று எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் ஒன்றைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதைக் கேட்டால் நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஹெய்லாலா மூன்று மாசம் அழுதாள். தினமும் விளக்கேற்றும் நேரத்தில் போய் வாசலில் உட்கார்ந்துகொள்வாள், கப்பல் துறைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு. கூப்பிட்டால் வர மாட்டாள். தூக்கினால் முதுகை வில்லாக வளைப்பாள். இப்போது சந்தோஷப்பட்டுக்கொள்.

உன் வழியை நீயே வைத்துக்கொள். எனக்கும் பிள்ளையைத் தூங்கவைக்கத் தெரியும்.

லவினியா


பள்ளிக்கூடம், வரலாற்று வகுப்பு
10 ஜூலை, செவ்வாய் மாலை

அக்காவுக்கு,

இதை வைமோவானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கப்பல் துறையில் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளை மட்டும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததற்கு மன்னிக்கவும். கூடை புதிதாக இருந்தது. நீங்களே முடைந்தது போலத் தெரிந்தது.

பால் பொடி மூன்று கரண்டி, தலை தட்டி. வலது தோளில் போட்டால் பிடிக்காது. இடது காதுக்குப் பின்னால் வேர்க்குரு இருக்கிறது, அங்கே தேய்க்க வேண்டாம். விளக்கு அவள் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது.

முரசு ஓய்ந்துவிட்டது. ஆரம்பித்துவிட்டாள். இங்கே கேட்கிறது.

கெலெபி


செவ்வாய் மாலை

தம்பி,

கேட்கட்டும். புது ஆள், புது வாடை. இரண்டு நாளில் பழகிவிடும். பெரிய குழந்தை நிபுணர் மாதிரிக் குறிப்பு எழுதி அனுப்புகிறாய். நீ பிறந்தபோது உன்னைக் குளிப்பாட்டியவள் நான்.

இதற்கு ஹெய்லாலாவின் காது. என் பக்கத்துக் காது அது.

வைமோவானா இங்கே முணுமுணுக்கிறாள்: "ரோட்டைத் தாண்டறதுக்குக் கடுதாசியா? வாயால சொல்லுங்கக்கா, போயி அப்படியே சொல்றேன். நடுவுல கொஞ்சம் நானும் சேத்துக்குவேன், அவ்வளவுதான்." அப்படிச் சேர்த்துக்கொள்வாள் என்றுதான் எழுதுகிறேன்.

லவினியா


12 ஜூலை, வியாழன் மாலை

தம்பி,

மூன்றாவது சாயங்காலம் இது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் அழுதாள். நேற்று அதற்கும் மேல். கடைசியில் களைத்துக் கண்ணை மூடினாள், அதைத் தூக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். பாடினேன். நடந்தேன். பாயில் கூடப் படுத்துப் பார்த்தேன். நீ எழுதிய மாதிரி இடது தோளில் போட்டேன். வைமோவானா வந்து தூக்கினாள், அவளிடமும் நிற்கவில்லை. "பகல்ல என்கிட்ட எப்படிச் சிரிக்கும் தெரியுமாக்கா, பொழுது சாஞ்சா வேற பிள்ளையா ஆயிடுது" என்கிறாள்.

இன்று கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்து அழுகிறாள். எட்டு மாசப் பிள்ளைக்கு வாசல் எது என்று எப்படித் தெரிந்ததோ. எனக்கு அந்தப் பார்வை தெரியும் கெலெபி.

ஐம்பத்தாறு வயசாகிறது எனக்கு. தோள் விட்டுப்போகிறது. உன் வழி என்ன? சொல்.

லவினியா


வியாழன், உடனே

அக்காவுக்கு,

இந்தக் கேள்வி வரும் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன். வந்தால் பதில் எழுதாமல் சீட்டைத் திருப்பி அனுப்புவதென்று தீர்மானித்திருந்தேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது. நாளைக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு கப்பலேறினாலும், அங்கே போய் அழட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். ஜன்னலில் நின்று அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டே அந்தத் தீர்மானத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. அங்கே போய் அழப்போவது நீங்கள் இல்லையே.

வழி இது. எனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை அவளிடம் சொல்வேன்.

ஒருநாள் கல்வி இலாகாவுக்கு எழுதிய முறையீட்டை உரக்கப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கையில் இவள் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் சத்தம் நின்றது. பார்த்தால் தூக்கம். மறுநாள் பாட்டுப் பாடினேன், அழுதாள். முறையீட்டை எடுத்தேன், தூங்கினாள். அன்றிலிருந்து தினமும் வரிசையாகச் சொல்கிறேன். குரலை உயர்த்தக் கூடாது. கெஞ்சலும் கூடாது. நடக்காமல், ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரே சீராகச் சொல்ல வேண்டும். முதலாவது, தலைமையாசிரியர் பதவியை என்னிடம் படித்தவனுக்குக் கொடுத்தது. இரண்டாவது, நான் எழுதிய வரலாற்றுப் பாடப் புத்தகம் என் பெயர் இல்லாமல் அச்சானது. மூன்றாவது நீங்கள். நான்காவது என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. மூன்றாவதைத் தாண்டி அவள் விழித்திருந்ததில்லை.

முதல் இரண்டும் உங்களுக்குச் சரியாகச் சொல்ல வராது. நேராக மூன்றாவதைச் சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரியும்.

இன்னும் அழுகிறாள். சீக்கிரம்.

கெலெபி


வியாழன், விளக்கு வைத்த பிறகு

தம்பி கெலெபி,

தூங்கிவிட்டாள். இந்நேரம் உனக்கும் தெரிந்திருக்கும்.

உன் சீட்டைப் படித்து நான் சிரித்ததில் வைமோவானா பயந்துபோனாள். "என்னக்கா, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தால் அப்படித்தான் கேட்கும்போல.

உன் மூன்றாவது குறையை நான் எதையும் பார்க்காமல் சொன்னேன். நீ என்னைத் திட்டி எழுதிய அந்தக் கடிதம் பதினொரு வருஷமாக என் பைபிளுக்குள் இருக்கிறது. முழுக்க மனப்பாடம். எப்படி என்று சொல்கிறேன். ஹெய்லாலா வாசலில் உட்கார்ந்து அழுத நாட்களில் உன் வீட்டுப் பொருள் என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். ஒருநாள் ஆத்திரத்தில் அதைப் பிரித்து, "உங்கப்பன் என்னை என்ன சொல்றான் கேளுடி" என்று அவளுக்கே உரக்கப் படித்தேன். எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் நீ எழுதினாலும் பேசுகிற மாதிரித்தான் எழுதுவாய். அது யார் பேசுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாசம் தினமும் அதைப் படித்துத்தான் அவளைத் தூங்கவைத்தேன். திருடி என்று நீ எழுதிய இடம் வரும்போது கண் மூடியிருப்பாள். இன்று இவளும் அதே இடத்தில் மூடினாள்.

கடைசியில் நீ எழுதியிருந்தது உனக்கே மறந்திருக்கும். அவ்வளவு திட்டிவிட்டு, கையெழுத்துக்குக் கீழே, 'மீனில் முள் பார்த்துக் கொடுக்கவும், இடது பக்கம் படுக்கவைத்தால் தூங்குவாள்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதே நான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். விடவில்லை. எனக்கு அவள் வேண்டியிருந்தது.

பிள்ளை இங்கேயே இருக்கட்டும். வாசலைப் பார்த்து அழும் பிள்ளையை இன்னொரு தடவை வளர்க்க எனக்குத் தெம்பு இல்லை. கோயிலில் கேட்டால் பேர் லோசே என்று சொல்வேன், நான் வைத்த பேர் என்று சொல்வேன். நீ மறுத்துப் பேசாதே.

பள்ளி விடுமுறையில் ஹெய்லாலாவை அனுப்பிவைக்கிறேன். இத்தனை வருஷத்தைப் பற்றி அவளிடம் என்ன கேட்க முடியுமோ கேட்டுக்கொள். சார் என்று கூப்பிட்டால் அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அப்படிக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவள் நான். நாலாவதாக நீ எதை வைத்திருக்கிறாயோ, அதை ஐந்தாவது ஆக்கிவிட்டு இதை அந்த இடத்தில் சேர்த்துக்கொள்.

காலையில் கப்பல் பத்து மணிக்கு. அதற்குள் தோட்டத்திலிருந்து சேப்பங்கிழங்கு பிடுங்கிக் கூடை நிறைய வைத்துவிடு. வெறும் கூடையோடு நான் கப்பலேற மாட்டேன்.

லவினியா